வெயிலுக்குப் பின்னால் போன நாற்காலி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் துவாரகா சொசைட்டியில் பெண்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். காலை பத்தரை மணிக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே பூங்காவுக்கு இறங்குவார்கள். இரண்டு டவர்களுக்கு நடுவே, புல்லின் மேல் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு வெயில் விழும். அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து வேர்க்கடலை உடைப்பார்கள், ஆரஞ்சு உரிப்பார்கள், பின்னல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள். அரை மணி நேரத்தில் டவரின் நிழல் மெதுவாக வந்து ஓரத்து நாற்காலியின் காலைத் தொடும். அந்த நாற்காலிக்காரர் பேச்சை நிறுத்தாமலே எழுந்து, நாற்காலியைத் தூக்கி மறுகோடியில் போட்டுக்கொள்வார். பிறகு அடுத்தவர். இப்படியே ஒன்றரை மணிக்குள் மொத்தக் கூட்டமும் சறுக்குமரத்தடியிலிருந்து மோட்டார் ரூம் வாசல் வரை வந்து சேர்ந்திருக்கும்.

கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் மூன்று குளிர்காலமும் நாலாவது மாடி பால்கனியிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நான் பிறந்தது விருதுநகர்ப் பக்கம். வெயிலைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கி நடக்கப் பழகிய உடம்பு. வெயிலை இடம் பிடித்து வைத்துக்கொள்வார்களா என்று கணவரிடம் கேலி பேசுவேன். மகள் பிறந்த குளிர்காலத்தில் நானே ஒரு நாற்காலி வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து அவளுக்கும் ஒன்று வாங்கினேன், சிவப்பு நிறத்தில், முழங்கால் உயரத்துக்கு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. போன் வந்தால் வீடு முழுக்க நடப்பேன். சோறு வேகும்போது மூடியை நாலு தரம் திறந்து பார்ப்பேன். விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர், நாள் முழுக்கப் பறக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒருத்தி பறந்துகொண்டிருக்கிறாள் என்பார். "உன் கால்ல சக்கரத்தக் கட்டி விட்டிருக்காங்க" என்பது அவர் வாரம் ஒரு முறையாவது சொல்லும் வசனம். அதனால்தானோ என்னவோ, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இடம் மாற வேண்டிய அந்த வெயில் கூட்டம் எனக்கு ஒத்துப்போயிற்று.

மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது எனக்கு வேறொரு தவிப்பு வந்து சேர்ந்தது. ஒன்றரை வயதில் அவளை கிரெச்சில் விட்டிருந்தேன். நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கிரெச்சில் இந்தி, பூங்காவில் இந்தி, லிப்டில் இந்தி. வீட்டில் நாங்கள் இருவரும் தமிழில் பேசினோம். அவள் எல்லாவற்றுக்கும் இந்தியில் பதில் சொன்னாள். அம்மா, அப்பா என்ற இரண்டு சொற்களைத் தவிர அவள் வாயில் தமிழ் இல்லை. "சாப்பிடலாமா?" என்றால் "நஹி" என்பாள். "இது என்ன?" என்றால் "குர்சி." நாற்காலி என்று நான் சொல்லித் தருவேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக மறுபடியும் "குர்சி" என்பாள்.

வேலையை விட்டேன். அதற்கு நாலு காரணங்கள் உண்டு, ஆனால் எனக்குள் முதல் காரணம் இதுதான். நாள் முழுக்க நான் பேசினால் வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. என் குணமும் சேர்ந்துகொண்டது. ஒரு மதியம் அவள் வந்து "பானி தோ" என்றாள். தண்ணி என்று சொன்னால்தான் தருவேன் என்றேன். தம்ளரை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. திரும்பிப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து நான் தம்ளரோடு போனபோது தூங்கிவிட்டிருந்தாள், உதடு காய்ந்து போய். அந்த மதியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று வயதுப் பிள்ளையைத் தாகத்தோடு தூங்க வைத்த பிறகுதான் புத்தகங்களின் பக்கம் திரும்பினேன். அதட்டிச் செய்ய முடியாததைப் படம் காட்டிச் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் ஏற்கெனவே புத்தகங்கள் இருந்தன. பிறந்த நாளுக்கு வந்தவை, தடித்த அட்டைப் பக்கங்கள், கடித்தாலும் கிழியாது. எல்லாமே பருவங்களைப் பற்றியவை. ஒன்றில் பனி பொம்மை. ஒன்றில் மஞ்சளும் சிவப்புமாக இலை உதிர்கிறது, ஒரு நரிக்குட்டி அதில் புரள்கிறது. இன்னொன்றில் வசந்தம் வந்து ஆட்டுக்குட்டி துள்ளுகிறது. அழகான புத்தகங்கள்தான். மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி எழுதியிருப்பார்கள். அதையெல்லாம் நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. நரிக்குட்டி எந்த இலையில் வேண்டுமானாலும் புரளட்டும், எங்கள் வாழ்க்கையில் அது எங்கே வருகிறது?

பிறகு சென்னையிலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் வரவழைத்தேன். ஐப்பசியில் மழை. குடை, தவளை, காகிதக் கப்பல். அந்தப் பார்சல் வந்த ஐப்பசியில் டெல்லியில் ஒரு வாரமாகச் சூரியனே தெரியவில்லை. புகை. பூங்காவுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் முதற்கொண்டு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் விளிம்புகளில் டேப் ஒட்டி வைத்திருந்தேன். அந்த அறையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ஐப்பசி வந்தாச்சு, மழை வந்தாச்சு" என்று வாசித்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நியாயமாகத்தான் இறங்கினாள்.

அந்த டிசம்பரில் நானே ஒரு புத்தகம் செய்தேன். பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கம், அவளுடைய கிரேயான், ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனா. எனக்கு மனிதர்களை வரைய வராது. கை எப்போதும் மண்வெட்டி மாதிரி வரும். அதனால் நாற்காலியை வரைந்தேன். சிவப்பு நாற்காலி. அதன் மேல் வட்டத் தலையோடு ஒரு பாப்பா.

வெயில் வந்தது. நாற்காலி வந்தது.
வெயில் நகர்ந்தது. நாற்காலி நகர்ந்தது.

இப்படிப் போகும். பங்குனியில் இலவ மரத்தின் சிவப்புப் பூ தொப்பென்று நாற்காலியில் விழும், பாப்பாவுக்கு உட்கார இடம் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் நாற்காலி கூலருக்கு முன்னால். ஒரு சாயங்காலம் ஆந்தி அடிக்கும், புழுதிக் காற்றில் நாற்காலி குட்டிக்கரணம் போடும். ஆவணியில் மழை, பால்கனியில் மறந்துவிட்ட நாற்காலி ஒரு குளமாகும். ஐப்பசியில் ஜன்னல் மூடியிருக்கும், நாற்காலி உள்ளே, பாப்பா கண்ணாடி வழியாகப் பார்ப்பாள், வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி மார்கழி, மறுபடி வெயில். கடைசிப் பக்கத்தில் முழு அட்டைக்கும் மஞ்சள் பூசி, நடுவில் பாப்பா செருப்பில்லாத காலை நீட்டி முகத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருப்பாள்.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வருவாள். பூங்காவுக்கு இறங்கும்போது ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் காலண்டர் அட்டைப் புத்தகம். அங்கிருந்த மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தன. கீழ்த்தளத்து சர்மா வீட்டம்மாவின் பேரக்குழந்தைகள் இரண்டும் ஆந்திப் பக்கம் வந்தால் தரையில் உருளும். அவர்களுக்காக நான் இந்தியில் சொன்னேன். என் இந்தி கடைக்காரர்களிடம் பேரம் பேசும் இந்தி. அதில் தாலாட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்தது. என் மகளிடம் தமிழில் சொன்னபோது அவள் பேசாமல் கேட்டாள். முடிந்ததும் "ஃபிர் ஸே" என்றாள். இன்னொரு தரம் என்று அர்த்தம். எத்தனை தரம் சொன்னாலும் ஒரு தமிழ்ச் சொல் திரும்பி வரவில்லை. கேட்கிறாளா, படத்தை மட்டும் பார்க்கிறாளா என்பது எனக்குத் தெரியவில்லை. நான் பேசுவது அவளுக்கு வெறும் சத்தமாக, கூலர் ஓடுகிற சத்தம் மாதிரி, போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயந்தேன்.

சென்னையில் ஒரு பதிப்பகம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பருவகாலப் புத்தகங்கள் கேட்டு அறிவிப்பு போட்டிருந்தது. தெரிந்தவர் ஒருவர் அனுப்பினார். பக்கங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, ஒவ்வொரு நாளும் பதில் வந்ததா என்று இருபது தடவை பார்த்தேன். ஏழாவது வாரம் பதிப்பாசிரியர் அம்மாள் பேசினார். நாற்காலி ரொம்பப் பிடித்திருக்கிறது, படங்களை ஓர் ஓவியரை வைத்து வரைந்துகொள்ளலாம் என்றார். அன்றைக்கு நான் பூங்காவை எத்தனை சுற்று சுற்றினேன் என்று காவலாளிதான் சொல்ல முடியும். என் புத்தகம் அச்சில் வரப்போகிறது. அச்சில் வந்த தமிழை என் மகள் சும்மா தள்ளிவிட மாட்டாள் என்று எனக்கு எங்கிருந்தோ ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

மே மாதம் அவர் மறுபடி கூப்பிட்டார். ஓவியர் வரைந்த மாதிரிப் பக்கங்களை ஒரு பால்வாடியில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் காட்டிப் பார்த்திருந்தார்கள். அவர்களுடைய வழக்கம் அது. பிள்ளைகளிடம் காட்டாமல் எதையும் அச்சுக்கு அனுப்ப மாட்டார்களாம்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்தார். "அந்தக் கடைசிப் பக்கம், மஞ்சளா இருக்குமே, அதக் காட்டினதும் ஒரு குழந்தை பக்கத்துமேல ஊ ஊன்னு ஊத ஆரம்பிச்சுது. சூடா சோறு குடுத்தா ஊதுமே, அப்படி. இன்னொண்ணு பாப்பாவுக்குச் செருப்பு எங்கன்னு கேட்டுது. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டுது."

"அது குளிர்கால வெயில் மேடம். மார்கழி வெயில்."

"மார்கழில இங்க யாரும்மா வெயிலத் தேடிப் போய் உக்கார்றாங்க?"

நான் அறையிலிருந்து ஹாலுக்கும் ஹாலிலிருந்து பால்கனிக்கும் நடந்தேன்.  அவர் மெதுவாகவே பேசினார். ஜன்னல் மூடிய பக்கமும் யாருக்கும் பிடிபடவில்லை. வெளியே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் தேடினார்களாம். ஐப்பசியில் மழையைப் போட்டுவிடலாம். ஆந்தியை ஆடிக் காற்று ஆக்கிவிடலாம், படம் அப்படியே இருக்கட்டும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பெரிதாக மாற்ற வேண்டாம். "நாற்காலிய நாலு விரக்கடை தள்ளிப் போட்டா போதும்மா. வெயில்ல இருக்கறத நிழலுக்குள்ள கொண்டு வந்துடலாம். நிழல் நகருது, நாற்காலி நகருது. கதை அதேதான்."

கதை அதே இல்லை என்று கத்தினேன். நல்ல மனுஷி, கேட்டுக்கொண்டிருந்துவிட்டு யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அன்று மாலைக்குள் வடிந்துவிட்டது. வடியாமல் நின்றது வேறு. விருதுநகர் வெயிலில் தார் ரோட்டில் செருப்பு அறுந்து, ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பால்வாடிப் பிள்ளை கேட்ட கேள்வி என் கேள்வி. அதை நான் கேட்கவில்லை. அந்தப் படத்தை வரையும்போது பாப்பாவின் கால் சுடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்போது மறந்தேன்? ஏழு வருடத்தில் எந்தக் குளிர்காலத்தில் என் உடம்பு கட்சி மாறியது? தமிழ் தமிழ் என்று மகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நானே தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் புரியாத ஒரு புத்தகத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். என் படம் புரிகிற பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு என் படம் புரியாது. அப்படியென்றால் உலகத்தில் இந்தப் புத்தகத்துக்கு என்று ஒரே ஒரு பிள்ளைதான், என் வீட்டில் இருப்பது. அதற்கும் இது போய்ச் சேருகிறதா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் கணவரிடம் கொட்டினேன். மகள் தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசினால் அவள் காதில் விழாது என்ற நினைப்பில்தான் எப்போதும் பேசுவோம்.

"முதல்ல ஒண்ணு சொல்லு" என்றார் அவர். "இது ஊருக்குப் போட்ட புக்கா, பாப்பாவுக்குப் போட்ட புக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டும் ஒண்ணுன்னு நீ நினைச்ச. இல்லைங்கிறது அந்தப் புள்ளைங்க ஊதினப்ப தெரிஞ்சு போச்சு. அங்க வேற வெயிலு, இங்க வேற வெயிலு. நிழலையே குடுத்துட்டுப் போயேன். நம்மகிட்டதான் காலண்டர் அட்டை இருக்கே."

"அவளுக்கு ரெண்டுமே வேண்டாம். அவளுக்குத் தமிழே ஏறல."

 கோபத்தில் நான் விடாமல் பேசினேன். எங்க ஊர் வெயிலைப் பற்றி, செருப்பு அறுந்ததைப் பற்றி, அங்கே மத்தியானத்தில் நாய்கூட வேனுக்கு அடியில் படுத்திருப்பதைப் பற்றி. யாரிடம் சொல்கிறேன் என்று இல்லாமல் சொன்னேன். ஒரு வாரம் அதே பேச்சாகத்தான் இருந்தேன் என்று அவர் பிற்பாடு சொன்னார். பிறகு பதிப்பாசிரியருக்கு, நிழலாகவே இருக்கட்டும் என்று எழுதிப் போட்டேன். ஒரே வரி. எழுதும்போது விட்டுக்கொடுத்த நிம்மதி வரவில்லை, தோற்ற எரிச்சல்தான் வந்தது.

அடுத்த ஜனவரியில் புத்தகம் வந்தது. மகளுக்கு நாலு வயது தாண்டியிருந்தது. ஓவியர் பாப்பாவுக்கு ஒழுங்கான கைகள் வரைந்திருந்தார். செருப்பும் போட்டிருந்தார். வேப்பமரத்தின் நிழல் தரையில் நீலமாக விழுந்து பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்தது. அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மகள் புரட்டினாள், கடைசி வரை பார்த்தாள், கட்டிலில் வைத்துவிட்டுக் காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் ஓர் அரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். ஐந்து நாளாகச் சூரியன் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது மலை மந்திர் முருகன் கோயிலின் கோபுரம்கூடப் பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. அரங்கில் விரிப்புக்கு மேல் விரிப்பு போட்டிருந்தார்கள், அப்படியும் தரை சில்லிட்டது. குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாகப் பதினைந்து பிள்ளைகள். எல்லோர் வீட்டிலும் அப்பா அம்மா தமிழ். ஒருவருக்கொருவர் சண்டை போட்டது இந்தியில். என் மகள் முன்வரிசையில் இரண்டு பையன்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள்.

அச்சுப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். அதைத்தானே வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நிழல் வந்தது. நாற்காலி வந்தது."

யாரும் அசையவில்லை. படத்தை உயர்த்திக் காட்டினேன். வேப்பமர நிழலுக்குள் பாப்பா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன் முகத்தைச் சுளித்து, "இஸ்கோ டண்ட் லகேகி" என்றான். இவளுக்குக் குளிரும். மற்றவன் சாவகாசமாகத் தன் குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டான், பாப்பாவுக்காக. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள். எனக்கு நாக்கு வேகமெடுத்தது. கூட்டம் கலைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருப்பினேன்.

அப்போது என் மகளின் குரல் கேட்டது. அவள் என்னிடம் பேசவில்லை. வலது பக்கத்துப் பையனிடம், அவன் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். நிழல் வந்ததாம், அதனால் குர்சியும் வந்ததாம். நிழல் தள்ளிப் போனதாம், குர்சியும் தள்ளிப் போனதாம். நான் வாசித்த வரிகள், ஒன்று விடாமல், நான் வாசித்த வரிசையில்.

ஏன் நிழலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவன் கேட்டான்.

"யே யஹான் நஹி ஹை" என்றாள். இது இங்கே இல்லை. "அம்மா கே காவ் மே ஹை." அம்மாவின் ஊரில் இருக்கிறது. அங்கே வெயில் ரொம்பச் சூடு, ரோடு சுடும் என்று விளக்கினாள். ஒரு நாள் அம்மாவின் செருப்பு அறுந்து போச்சு. அம்மா ஒரு காலைத் தூக்கி, அப்புறம் இன்னொரு காலைத் தூக்கி, அப்படியே ஸ்கூலுக்குப் போனாள். சொல்லிக்கொண்டே எழுந்து நின்று, விரிப்பின் மேல் ஒற்றைக் காலில் மாறி மாறித் தத்திக் காட்டினாள். ஓடிக்கொண்டிருந்த இருவரும் நின்றுவிட்டார்கள். அந்தப் பையனும் எழுந்து தத்தினான்.

செருப்பு அறுந்த கதையை நான் அவளிடம் சொன்னதில்லை. மே மாதம் அவள் அப்பாவிடம், தமிழில், கோபத்தில் கொட்டியது அது. அவள் தரையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

 இத்தனை நாளும் திருப்பித் தரவில்லை என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். உள்ளே வாங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழே ஏறவில்லை என்று நான் சொன்னேனே, அதையும் சேர்த்துத்தான் கேட்டிருப்பாள். சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்து, எது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. பதினைந்து பிள்ளைகள் எதிரே இருந்தார்கள்.

அவள் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "ஆகே, அம்மா" என்றாள். மேலே படி.

தாண்டிப் போன பக்கத்துக்குத் திரும்பி வந்து ஒரு வரி வாசித்தேன். அவள் அதை அவர்களுக்குச் சொல்லி முடித்த பிறகு அடுத்த வரியை வாசித்தேன்.